ஆயாவின் புடவைகளிலேயே ஆயாவின் முகம்: துணி சுருங்குகிறது, முகம் தட்டையாக வருகிறது, பூஞ்சையும் பிடிக்கிறது. வழி சொல்லுங்கள்

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆயாவின் உருவப்படத்தை அவர் கட்டிய துணி, புழங்கிய பொருள் இவற்றை வைத்தே செய்ய வேண்டும். அளவு 24க்கு 36 அங்குலம். மார்பு வரை மட்டும்.

கையில் இருப்பவை: பருத்திப் புடவை 4 (ஒன்று கருநீலச் சுங்குடி, ஒன்று மெல்லிய ஜரிகைக் கரை போட்ட அரக்கு), பாலியெஸ்டர் புடவை 1, தாத்தாவின் பழைய வேட்டி 2, குறிஞ்சிப்பாடிக் கைலி 1, அரிசிக் கோணி, ஹேர்பின், கண்ணாடி வளையல், ஒரு சிறிய பித்தளைக் கரண்டி. மூலப் படம் பாஸ்போர்ட் அளவுக் கறுப்பு வெள்ளை, ஸ்டூடியோவில் எடுத்தது. அது ஒன்றுதான் இருக்கிறது.

12 அங்குலத்தில் சோதனைத் துண்டு ஒன்று செய்ததில் வந்த சிக்கல்கள்:

1. தோல் நிறத்துக்காக வேட்டித் துணியை மஞ்சளிலும் டீயிலும் நனைத்து வெட்டினேன். முகம் தட்டையாக, முகமூடி மாதிரி இருக்கிறது.
2. வெள்ளைப் பசை போட்டு ஒட்டிவிட்டு மேலே மெஷினில் தைத்தேன். கன்னம் முழுக்க சுருக்கம். பசை ஊறிய இடம் கறையாகத் தெரிகிறது.
3. வீடு தேவனாம்பட்டினம் பக்கம். ஐப்பசி மழையில் ஒரே மாதத்தில் கோணி ஒட்டிய இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை.
4. மூக்குத்தி வலது பக்கம் வர வேண்டியது இடது பக்கம் வந்துவிட்டது!

பெரிய படத்தைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் சரி செய்துகொள்ள வேண்டும். புடவைகள் இருப்பது ஒவ்வொன்றுதான், வெட்டிவிட்டால் திரும்ப வராது.

---

சாம்பல்பென்சில் (புதுச்சேரி)

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். மற்றதைத் தையல் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

தோல் நிறத்துல துணி தேடுறதை விட்டுடுங்க. முகத்தை முகமா காட்டுறது நிறம் இல்ல, எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு நிழல் என்கிற அளவு, அதாவது டோன். டோன் சரியா இருந்தா நெற்றி பச்சையா இருந்தாலும் கன்னம் ஊதாவா இருந்தாலும் பார்க்கிறவங்களுக்கு ஆயா தெரிவாங்க. அமெரிக்கக் கலைஞர் பிசா பட்லர் துணியிலேயே ஆளுயர உருவங்கள் செய்றவர். அவரோட முகங்கள்ல நீலம், ஊதா, சிவப்பு எல்லாம் இருக்கும், ஆனா ஒவ்வொரு துண்டும் தன் டோன்ல சரியா உட்கார்ந்திருக்கும். உங்க வேட்டித் துண்டுகள் மஞ்சளும் டீயும் ஏறி எல்லாமே ஒரே நடு டோனுக்கு வந்திருக்கும், அதனாலதான் தட்டை.

படத்தை 600 டிபிஐ-ல (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணுங்க. பாஸ்போர்ட் படத்துல முகம் ஏறக்குறைய 3 செ.மீ. உயரம், அதாவது 700 பிக்சல். அதை 30 செ.மீ.க்குப் பெரிசாக்கினா அங்குலத்துக்கு 60 பிக்சல்தான் கிடைக்கும். அச்சுக்குப் போதாது, டோன் எல்லை வரையத் தாராளம். கிம்ப் மாதிரி ஏதாவது மென்பொருள்ல முதல்ல லேசா மங்கலாக்குங்க, அப்புறம் போஸ்டரைஸ் (படத்தோட டோன்களைச் சில படியா குறைக்கிறது) 5 படி. மங்கலாக்காம போஸ்டரைஸ் பண்ணா பழைய படத்தோட புள்ளி எல்லாம் தனித்தனித் தீவா வந்து நிற்கும். பெரிசாக்கின பிறகு 5 மி.மீ.க்குக் குறைவா இருக்கிற தீவுகளைப் பக்கத்து டோனோட சேர்த்துடுங்க, கண்ணுக்குள்ள இருக்கிறதைத் தவிர. அந்த அளவுத் துணியை வெட்டினா பிசிறா போயிடும்.

வீட்டு பிளான் அச்சடிக்கிற கடையில ஏ1 தாள்ல கறுப்பு வெள்ளையில எடுங்க. 594க்கு 841 மி.மீ., உங்க அளவுக்குக் கொஞ்சம்தான் சின்னது. இரண்டு பிரதி வேணும். ஒண்ணு வெட்டுறதுக்கு, ஒண்ணு சுவத்துல மாட்டிப் பார்த்துக்கிறதுக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் டோன் எண் 1 முதல் 5 வரை எழுதுங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள்ல நெகட்டிவ் மேலேயே பென்சில் வச்சு டச்சிங் பண்ணுவாங்க. சுருக்கம், கண்ணுக்குக் கீழ் நிழல், கன்னக் குழி எல்லாம் அழிஞ்சிருக்கும். கணினி கொடுக்கிற 5 படியை அப்படியே நம்பினா நெற்றியும் கன்னமும் ஒரே வெள்ளைத் திட்டா வரும். வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மூக்கு நிழலையும் கழுத்து நிழலையும் பார்த்துக் கண்டுபிடிங்க. அதே பக்கத்துல இருந்து ஜன்னல் வெளிச்சம் விழுற மாதிரி வீட்டுல வயசான யாரையாவது, உங்க அம்மாவோ அத்தையோ, உட்கார வச்சுப் பாருங்க. கன்ன எலும்புக்குக் கீழ, மூக்கோரத்துல இருந்து வாய் வரைக்கும் ஓடுற மடிப்பு, கீழ் உதட்டுக்கு அடியில, இந்த மூணு இடத்துல மட்டும் ஒரு படி நிழலை நீங்களே சேர்க்கணும்.

இப்போ துணி. ஒவ்வொரு துணியிலயும் 2 அங்குலச் சதுரம் ஓரத்துல இருந்து வெட்டி எடுத்து, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தரையில பரப்பி, ஜன்னல் வெளிச்சத்துல போன்ல கறுப்பு வெள்ளையா படம் எடுங்க. அந்தப் படத்துலதான் உண்மை தெரியும். அரக்கு கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கும், படத்துல கருநீலத்துக்குப் பக்கத்துல போய் நிற்கும். அச்சுப் புடவையோட பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஏறக்குறைய ஒரு படி வெளுப்பு. ஒரே புடவையில இரண்டு டோன் கிடைச்சுடும், துணியும் மிச்சம்.

சுங்குடியை முகத்துல வைக்காதீங்க. அடர் நிறத்துல வெள்ளைப் புள்ளி, கன்னத்துல வந்தா அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். ஆனா நரைச்ச முடிக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. காதோரம் புள்ளி நெருக்கமான பகுதி, உச்சியில புள்ளி விலகின பகுதின்னு வையுங்க. வேட்டி இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சொட்டு நீலம் போட்டு வெளுத்தது குளிர்ந்த வெள்ளை, அது முடிக்கும் கண்ணுக்கும். போடாதது பழுத்த வெள்ளை, அது நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும். கைலியோட கட்டம் நடு டோனுக்குச் சரியா வரும், ஆனா நேரா வைக்காம 45 டிகிரி சாய்ச்சு வெட்டுங்க. கட்டத்தோட கோடு கன்னத்தைச் சுத்தி ஓடுற மாதிரி விழுந்தா உருண்டை தானா வந்துடும்.

மூக்குத்தி மாறினதுக்குக் காரணம் கீழே ஊசிமுனை அக்கா சொல்வாங்கன்னு நினைக்கிறேன்.

---

ஊசிமுனை (முத்தியால்பேட்டை)

சொல்லிடறேன் தம்பி. வரைபடத்தைத் துணியோட பின்பக்கம், இல்ல ஃப்யூசிங்கோட (அயர்ன் சூட்டுல துணியில ஒட்டுற வலை) தாள் பக்கம் வரைஞ்சு வெட்டினா உருவம் இடம் வலம் மாறிடும். மூக்குத்தி மட்டும் இல்ல, முந்தானையும் வலது தோளுக்குப் போயிருக்கும், பாருங்க. ஏ1 பிரதியைக் கண்ணாடிப் பிம்பமா இன்னொண்ணு எடுத்து, பின்பக்கம் வரையறதுக்கு அதை மட்டும் பயன்படுத்துங்க. மேலே சிவப்பு மையில "திருப்பியது" என்று எழுதி வச்சுக்கோங்க.

சுருக்கத்துக்கு வருவோம். நாலு காரணம், உங்க துண்டுல நாலுமே இருந்திருக்கும்.

அடித்துணிக்கு உடம்பு இல்லாதது முதல் காரணம். மெஷின் நூல் ஒவ்வொரு தையலிலும் துணியைக் கொஞ்சம் இழுக்குது. மெல்லிசான துணி அந்த இழுவைக்கு மடங்கிக் கொடுத்துடும். அடியில காடாத்துணி ஒரு அடுக்கு, அதன் பின்பக்கம் டெய்லர்கள் ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற ஒட்டும் கேன்வாஸ் ஒரு அடுக்கு. காடாவை வாங்கினதும் வெந்நீர்ல ஊறவச்சு, காயவச்சு, அயர்ன் பண்ணிட்டுத்தான் வெட்டணும். கஞ்சி போகாத காடா முதல் ஈரத்துலயே சுருங்கும். நாலு பக்கமும் 3 அங்குலம் கூடுதலா விடுங்க. நெருக்கமா தைச்சா இந்த அளவுத் துணி ஒரு செ.மீ.க்கு மேலயே உள்வாங்கும்.

அடுத்தது இழை ஓட்டம். ஒரு துண்டு நெடுக்கு, பக்கத்துத் துண்டு குறுக்கு என்று வச்சா இரண்டும் வேற வேற பக்கம் இழுக்கும். எல்லாத் துண்டோட நெடுக்கு இழையும் அடித்துணியோட நெடுக்கு இழைக்கு இணையா இருக்கட்டும். கைலியைச் சாய்ச்சு வெட்டச் சொன்னாரே சாம்பல்பென்சில், செய்யலாம், ஆனா சாய்ச்சு வெட்டின துணி ரப்பர் மாதிரி நீளும். வெட்டுறதுக்கு முன்னாடியே பின்பக்கம் பேப்பர் கேன்வாஸ் (காகிதம் மாதிரி மெல்லிசான ஒட்டும் கேன்வாஸ்) ஒட்டிட்டுத்தான் கத்தரியை வைக்கணும்.

மூணாவது, பசை. இரண்டு பக்கமும் ஒட்டும் ஃப்யூசிங் வலை கிடைச்சா வாங்குங்க. தாள் பக்கம் வரைஞ்சு, துணியோட பின்பக்கம் அழுத்தி ஒட்டி, வெட்டி, தாளை உரிச்சு, அடித்துணி மேல வச்சு மறுபடி அழுத்தணும். ஒரு இடத்துல 10 முதல் 12 விநாடி வைக்கணும். அயர்ன் பாக்ஸை எடுத்து எடுத்து வைக்கணும், இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்ச்சா துண்டு நகர்ந்துடும். இந்த வலை நம்ம பக்கத்து டெய்லர் பொருள் கடைகள்ல எப்பவும் இருக்காது. கிடைக்கலன்னா ஒருபக்க பேப்பர் கேன்வாஸ் போதும். அது துணிக்கு விறைப்பும் பிசிறாத ஓரமும் கொடுக்கும், ஆனா அடித்துணியில ஒட்டாது. அப்போ கையால பெரிய ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திட்டு மெஷினுக்குப் போகணும். வெளுத்த துண்டு கீழ, அடர்ந்த துண்டு மேல. கீழே போற ஓரத்துல 5 மி.மீ. கூட விடுங்க, இடைவெளி தெரியாது. மாத்தி வச்சா அடர் துணியோட ஓரம் வெளுத்த துணி வழியா நிழலடிக்கும்.

நாலாவது, தைக்கிற வரிசை. ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு மறு ஓரத்துக்குப் போனா சுருக்கம் எல்லாம் கடைசி ஓரத்துல வந்து குவியும். மூக்குல ஆரம்பிங்க. மூக்கு, கண், வாய், கன்னம், நெற்றி, முடி, கடைசியா புடவை. கன்னத்துல தையல் வரிகளுக்கு நடுவுல 3, 4 மி.மீ. இடைவெளி விடுங்க. ஒரு மி.மீ. நெருக்கத்துல ஓட்டினா அந்த இடம் மட்டும் குழி விழும். குழி வேணும்கிற இடத்துல, வாயோர மடிப்புலயும் கண்ணுக்குக் கீழயும், வேணும்னே நெருக்கமா ஓட்டலாம். சுருக்கத்தை அப்படித்தான் வேலைக்கு வாங்கணும்.

ஊசி 14 நம்பர். ஃப்யூசிங் பசை ஊசியில ஏறும், நூல் அறுந்துகிட்டே இருந்தா ஊசியை ஸ்பிரிட் தொட்ட துணியால துடைங்க, இல்ல மாத்துங்க. மேல்நூல் இறுக்கத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்த்துங்க. பாபின்ல மெல்லிய நூல். பாபின் நூல் மேலே புள்ளியா எட்டிப் பார்த்தா மேல்நூல் இன்னும் இறுக்கம்னு அர்த்தம்.

---

காகிதக்கூழ் (திருக்கனூர்)

மஞ்சளையும் டீயையும் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மஞ்சள் வெயிலில் நிற்காது. ஜன்னல் வெளிச்சம் படும் சுவரில் சில வாரத்திலேயே வெளுக்கும். சோப்போ சுண்ணாம்போ பட்டால் சிவக்கும். சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்து, ஈரம் ஏறி, துணி அதில் பட்டால் போதும், பின்பக்கத்திலிருந்து சிவப்புக் கறை வரும். குங்குமமும் நம்ப முடியாதது. டீக்கறை நிற்கும், ஆனால் டீயின் துவர்ப்பு அமிலத்தன்மை உடையது, ஆண்டுகள் போகப் போகப் பருத்தியை நொய்யச் செய்யும். டீயோடோ கடுக்காயோடோ துருப்பிடித்த இரும்பு சேர்த்துக் கறுப்பு எடுப்பது இன்னும் மோசம். இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறிப் போன பழைய சீட்டித் துணிகளில் கறுப்பு வெளிக்கோடு போட்ட இடம்தான் முதலில் பொடிந்து ஓட்டையாகியிருக்கும். காரணம் அந்த இரும்புக் கறுப்பு. ஆயாவின் புடவைகளில் இருக்கும் நிறமே போதும், புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

வெள்ளைப் பசை: மெல்லிய பருத்தியில் ஊறி மேலே வந்து, காய்ந்ததும் கண்ணாடி போல் விறைத்து, பிறகு மஞ்சளிக்கும். துணிக்குத் துணி ஒட்ட அது வேண்டவே வேண்டாம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று சொல்வார்கள். வராதுதான், ஆனால் அது நஞ்சு, துணியிலும் பச்சையேறும். வீட்டுச் சுவரில் மாட்டும் பொருளுக்கு வேண்டாம். ரேஷன் அட்டை, கடிதம் போன்ற தாள் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் மட்டும் மாவுப் பசை வையுங்கள். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துக் கழுவினால் கையில் ரப்பர் மாதிரி ஒரு சக்கை நிற்கும். அதை எறிந்துவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் தங்கும் வெள்ளை மாவுதான் நமக்கு வேண்டியது. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே 20 நிமிடம். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டித் தடவுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கோணிக்கு வருகிறேன். உங்கள் பூஞ்சைக்குக் காரணம் கோணியும் பசையும் சேர்ந்ததுதான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும், நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தாண்டாத நாள் அரிது. பசை அதற்குச் சாப்பாடு, கோணி அதற்குத் தண்ணீர்த்தொட்டி. சணலில் மரச்சத்து உண்டு, வெளிச்சத்தில் பழுக்கும், ஒட்டியிருக்கும் துணியையும் பழுப்பாக்கும். கோணி வேண்டும் என்றால் முகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், பின்னணி ஓரத்தில் வையுங்கள், அடியில் துவைத்த பருத்தி ஒரு அடுக்கு கொடுத்து, ஒட்டாமல் தையுங்கள். அரிசிக் கோணியில் வண்டு முட்டை இருக்கும். உதறி, வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்த பிறகு பயன்படுத்துங்கள். பையை வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். ஒரு நாள் பொறுங்கள்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்த துண்டை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உள்ளே போய்விடும். நிழலில் நன்றாகக் காயவைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள்.

பொருட்கள்: இரும்பு ஹேர்பின் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துத் துணியில் கோடு போடும். இரண்டு பூச்சு நிறமில்லாத நகப்பூச்சு அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு தையுங்கள். கரண்டியைப் பசையில் ஒட்ட நினைக்காதீர்கள், விழும். காம்பின் கழுத்திலும் நுனியிலும் நைலான் நூலால் 6, 7 சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சிட வேண்டும், பின்னால் ஒரு சட்டைப் பட்டன் வைத்து அதன் வழியாக முடிச்சிட்டால் துணி கிழியாது. வளையல் துண்டின் முனைகளைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் மழுக்குங்கள். ஜரிகை இருக்கும் இடத்தில் ரப்பர், செய்தித்தாள், கம்பளி எதுவும் படக்கூடாது, கறுக்கும். அந்துருண்டையையும் சட்டத்துக்குள் போட வேண்டாம்.

---

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. சதுரங்களைப் படம் எடுத்துப் பார்த்தேன். அரக்கும் கருநீலமும் ஒரே டோன்தான்! நான் அரக்கை உதட்டுக்கு வைப்பதாக இருந்தேன்.

மூன்று சந்தேகங்கள். மெஷின் பழைய கறுப்புத் தலை மிதி மெஷின். துணியை அடியிலிருந்து நகர்த்தும் பல்லை இறக்க முடியாது. பாதத்தைக் கழற்றிவிட்டு எம்பிராய்டரி வளையம் போட்டு ஓட்டினால் கீழே நூல் பந்தாகச் சிக்குகிறது. இரண்டாவது, பாலியெஸ்டர் புடவை அயர்ன் பட்டதும் சுருள்கிறது, அதைச் சேர்க்க முடியுமா? மூன்றாவது கண். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் முறைப்பது போல் இருக்கிறது.

---

ஊசிமுனை (முத்தியால்பேட்டை)

நூல் பந்தா சிக்குறதுக்குப் பத்துக்கு ஒன்பது தடவை ஒரே காரணம்தான். பாதத்தைக் கழற்றினாலும் பாதத்தோட நெம்புகோலைக் கீழே இறக்கியே ஆகணும். இறக்கலன்னா மேல்நூலைப் பிடிக்கிற தட்டுகள் திறந்தே இருக்கும், நூல் தாராளமா ஓடி அடியில குவியும். பாதம் இல்லையே என்று இறக்க மறந்துடுவோம்.

பல்லை இறக்க முடியலன்னா தையல் நீளத்தைச் சுழியத்துக்குக் கொண்டு வாங்க, பல் ஏறி இறங்கும், ஆனா இழுக்காது. அது மேல பழைய ஏ.டி.எம். அட்டை மாதிரி ஒரு தகட்டுல ஊசி போக ஓட்டை போட்டு, டேப்பால ஒட்டினாலும் சரி. வளையத்துல துணி முரசுத்தோல் மாதிரி விறைப்பா இருக்கணும். பெரிய வளையம் கீழ, சின்ன வளையம் மேல, துணி மெஷின் தட்டோட ஒட்டிக் கிடக்கணும். கைத்தையலுக்குப் போடுற மாதிரி தலைகீழா போட்டா துணி தட்டுக்கு மேல தூக்கி நிற்கும், தையல் விழாது. காலை ஒரே வேகத்துல மிதிங்க, கையை மெதுவா நகர்த்துங்க. கை வேகம் கூடினா ஊசி வளைஞ்சு தட்டுல இடிச்சு உடையும். கண்ணாடி போட்டுக்கோங்க.

பாலியெஸ்டருக்கு ஃப்யூசிங் வேண்டாம். ஓரத்தை 5 மி.மீ. மடிச்சுக் கையால தையுங்க. ஆயா கட்டியிருக்கிற புடவைப் பகுதிக்கு அதைக் கொசுவமாவே மடிச்சு வைக்கலாம், உண்மையான மடிப்பு நிழலும் கிடைக்கும். எது பருத்தி, எது கலப்பு என்று சந்தேகம் இருந்தா இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியற வாசனையும் பொடிச் சாம்பலும் பருத்தி. உருகி மணியா உருண்டா பாலியெஸ்டர் இருக்கு.

---

சாம்பல்பென்சில் (புதுச்சேரி)

கண் முறைக்கிறதுக்குக் காரணம் வெள்ளை. கண்ணோட வெண்விழி வெள்ளை இல்ல. இமை நிழல் அதன் மேல விழுது, உள்ள உருண்டையாவும் இருக்கு. 5 படியில வெளுப்பா இருந்து இரண்டாவது டோன் வையுங்க, மூக்கோர மூலையில மூணாவது. சுத்த வெள்ளை ஒரே இடத்துலதான்: கருவிழி மேல 2 மி.மீ. புள்ளி. அதையும் துணியா வெட்டாம, 6 இழை எம்பிராய்டரி நூல்ல இரண்டு இழை பிரிச்சு இரண்டு குத்துத் தையல் போடுங்க. இரண்டு கண்ணுலயும் அந்தப் புள்ளி வெளிச்சம் வர்ற ஒரே பக்கம் இருக்கணும். ஒரு கண்ணுல இடப்பக்கம், ஒரு கண்ணுல வலப்பக்கம் வச்சா மாறுகண் மாதிரி ஆகிடும்.

இன்னொண்ணு, கருவிழியை முழு வட்டமா வெட்டாதீங்க. மேல் இமை அதன் மேல்பகுதியைக் கொஞ்சம் மறைச்சே இருக்கும், கீழ் இமை தொட்டும் தொடாம. முழு வட்டம் தெரிஞ்சா பயந்த கண், இல்ல கோபக் கண். வயசானவங்களுக்கு மேல் இமை இன்னும் இறங்கி வெளிமூலையை மூடும். மேல் இமைக்குத் தடிச்ச கோடு, கீழ் இமைக்குக் கோடே வேண்டாம், டோன் மாறுற எல்லை போதும். மூக்குக்கும் அப்படியே, பக்கக்கோடு போடாதீங்க, அடியில நிழல் மட்டும். உதட்டுக்கு அரக்கு சரிப்படாதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. அதன் பின்பக்கம் ஒரு படி வெளுப்பா இருந்தா அதை மேல் உதட்டுக்கு வையுங்க. கீழ் உதடு வெளிச்சம் வாங்கும், இன்னொரு படி வெளுப்பு வேணும்.

ஒவ்வொரு துண்டையும் அழுத்தி ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குண்டூசியில நிறுத்தி, 10 அடி தள்ளி நின்னு போன்ல கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து மூலத்தோட பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்தப் படத்துல ஆயா வரலைன்னா தைச்ச பிறகும் வரமாட்டாங்க.

---

மரச்சட்டம் (கடலூர் முதுநகர்)

சட்டம் பற்றி மட்டும். கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும் ஈரம் நேராகத் துணிக்குப் போகும். கரண்டி இருப்பதால் உங்களுக்கு உள்ளே 25 மி.மீ. ஆழமாவது வேண்டும். பெட்டிச் சட்டம் என்று கேளுங்கள். லேமினேஷன் செய்து கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

பின்பலகை 6 மி.மீ. பிளைவுட். பிளைவுட்டிலிருந்து வரும் அமில ஆவி துணியைப் பழுப்பாக்கும், ஜரிகையையும் கறுக்க வைக்கும், அதனால் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்து ஒரு வாரம் காயவைத்து, மேலே பருத்தித் தாள் ஒன்று விரிக்க வேண்டும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் தடித்த தாள் இதற்குப் பொருத்தம், மரக்கூழ்த் தாள் வேண்டாம். அதன் மேல் உங்கள் காடாத்துணியை இழுத்து, கூடுதலாக விட்ட 3 அங்குலத்தைப் பலகையின் பின்பக்கம் மடித்து, எதிரெதிர் ஓரங்களை நூலால் பின்னலாக இழுத்துக் கட்டுங்கள். முதலில் நாலு பக்கத்தின் நடு, கடைசியில் மூலைகள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும்.

பின்புறம் முழுவதும் டேப் ஒட்டி மூடாதீர்கள். கீழ் ஓரத்தில் 6 மி.மீ. துளை நாலு போட்டு உள்பக்கம் மெல்லிய வலைத்துணி ஒட்டுங்கள், காற்று போகும், பூச்சி போகாது. சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் உள்சுவர்தான் சரி. புரட்டாசி முடிவதற்குள் வேலையை முடித்துச் சட்டம் போட்டுவிடுங்கள். ஐப்பசியில் போட்டால் துணியில் ஏறிய ஈரத்தோடு சேர்த்து மூடியதாகிவிடும். அதற்குள் முடியவில்லை என்றால் தைத்ததைச் சுருட்டாமல் பழைய வேட்டியில் மூடி கட்டில் மேல் தட்டையாக வைத்து, தை பிறந்த பிறகு நாலு நாள் நல்ல வெயில் அடிக்கும்போது நிழலில் காற்றாட விட்டுச் சட்டம் போடுங்கள்.